ஏழு வாரம் போட்டிக்காரனின் தேயிலை விற்றேன்

போன மாதம் எங்கள் தெரு மளிகைக் கடைக்கு ஒரு பிஸ்கட் கம்பெனிப் பிரதிநிதி வந்தார். ஆர்டர் கேட்பதற்கு முன்னால் கடைப் பலகை தெரியும்படி நின்று தன்னைத்தானே செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். அந்தப் படம் போய்ச் சேர்ந்தால்தான் அவர் கடைக்கு வந்ததாகவே கம்பெனி ஒப்புக்கொள்ளுமாம். நானும் அந்தத் தொழிலில் முப்பது வருஷம் இருந்தவன் என்றதும், "அப்ப உங்களுக்கெல்லாம் இந்தத் தொல்லை இல்லீங்களே, நிம்மதியா இருந்திருப்பீங்க" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அந்தப் படம் எங்கள் காலத்தில் இருந்திருந்தால் அன்வர் என்ற ஒருவனின் வேலை போயிருக்கும், கூடவே என் வேலையும் போயிருக்கும். அன்று அவருக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். பெருமையாகத்தான் எழுதுகிறேன். அடக்கமாக எழுத எனக்கு வராது.

அறுபதுகளின் கடைசி. தருமபுரி தனி மாவட்டமாகிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. ஆனால் எங்களைப் போன்ற கம்பெனி ஆட்களுக்குச் சேலம்தான் இன்னும் தலைநகரம். மேலாளர் சேலத்தில், கிடங்கு சேலத்தில், திட்டு வருவதும் சேலத்திலிருந்து. நான் ஒரு பாக்கெட் தேயிலைக் கம்பெனியின் லைன் ஆள். லைன் என்றால், வாரத்தில் இன்ன நாள் இன்ன ஊர் என்று வகுத்துக் கொடுத்த பாதை. திங்கள் மொரப்பூர், செவ்வாய் அரூர், புதன் பாப்பிரெட்டிப்பட்டி, வியாழன் பாலக்கோடு, வெள்ளி பென்னாகரம். சனிக்கிழமை தருமபுரி டவுன். மழையோ வெயிலோ, இதில் மாற்றமில்லை.

சேலத்தில் மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் எனக்கு நினைவிருப்பது மூன்றே விஷயம். முதல் வியாபாரம், அதாவது போணி, ஆகாத கடையில் ஏறக்கூடாது; எதிரே நின்று காத்திருக்க வேண்டும். பையைக் கல்லா மேஜையில் வைக்கக்கூடாது. மூன்றாவது, அலமாரி. ஆர்டர் கேட்கும் முன் நம் பாக்கெட்டுகளைத் துணியால் துடைத்து, பழைய சரக்கை இடது ஓரத்துக்குத் தள்ளி, நாமே அடுக்கித் தர வேண்டும். எங்கள் கம்பெனியில் அதற்குச் செங்கல் அடுக்கு என்று பெயர். சுவர் கட்டுவது போல, கீழே இரண்டு பாக்கெட் சேரும் இடத்தின் மேல் ஒரு பாக்கெட். ஒன்றை உருவினாலும் மற்றவை சரியாது. ஆறு மாதத்தில் என் கை கண்ணை மூடிக்கொண்டு அப்படி அடுக்கும். அந்தக் கைதான் பிறகு என்னைக் காட்டிக்கொடுத்தது.

இனி அன்வர். தருமபுரியில் பெட்டி, டிரங்குப் பெட்டி செய்யும் குடும்பத்துப் பையன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். அவனும் தேயிலை ஆள், எங்களுக்கு நேர் போட்டியான கம்பெனி. நான் போகும் அதே பஸ், அதே ஊர், அதே கடை. வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதத்தில் மொரப்பூரில் இரண்டு, அரூரில் ஒன்று என்று என்னுடைய நல்ல கடைகள் மூன்றில் பாதி அலமாரியைப் பிடித்துக்கொண்டான். பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்து வேர்க்கடலை நீட்டுவான். வாங்கித் தின்பேன், மனசுக்குள் கறுவுவேன்.

எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. தருமபுரி வட்டாரத்தில் லைன் போகும் பிளேடு, சோப்பு, பேட்டரி, ஊதுபத்தி, பல்பொடி ஆட்கள் எல்லாரும் உறுப்பினர்கள். கடைக்காரர்கள் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், சரக்கைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சங்கச் செயலாளர் பழனிச்சாமியை மாவட்டம் முழுக்க 'பேட்டரி' என்றால்தான் தெரியும். சங்கத்தின் விதிகள் கொஞ்சம்தான். ஒருவர் கடையில் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் ஏறக்கூடாது. அடுத்தவன் சரக்கைக் கடைக்காரரிடம் குறை சொல்லக்கூடாது. உறுப்பினர் நோயில் விழுந்தால் அவர் லைனை மற்றவர்கள் பார்க்க வேண்டும். கடைசி விதியை எழுதும்போது சோப்பு ஆளுக்குப் பிளேடு ஆள் உதவுவான் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

அன்வருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணும் நகமும் மஞ்சளாகிப் படுத்துவிட்டான். டாக்டர் ஒன்றரை மாதமாவது எழுந்திருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவனுக்கோ வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி. அந்தக் காலத்தில் தொடர்ந்து இரண்டு வாரம் லைனுக்குப் போகாத தற்காலிக ஆளை அவன் கம்பெனி வைத்துக்கொள்ளாது. அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன். வீட்டில் அம்மா, மனைவி, நாற்பது நாள் பெண் குழந்தை.

சங்கத்தைக் கூட்டினோம். வாரத்தின் ஐந்து ஊர்களையும் அதே நாளில் சுற்றுகிறவன் என்னைத் தவிர ஒருவனும் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முடியவே முடியாது என்றேன். என் கம்பெனிக்குத் தெரிந்தால் அன்றே சீட்டுக் கிழியும் என்று கத்தினேன். பேட்டரி பழனிச்சாமி கத்தவில்லை. "சரிங்க. வூட்ல போயி அவன ஒருவாட்டி பாத்துட்டு வந்து இதையே சொல்லுங்க" என்றார்.

போனேன். அதுதான் நான் செய்த தப்பு. கட்டிலில் கிடந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். "அண்ணே, அரூர்ல நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவான அந்தக் கடையில உங்க சரக்கு தீர்ந்துபோச்சுண்ணே. போன வாரமே சொல்லணும்னு இருந்தேன், மறந்துட்டேன்" என்றான். சாகக் கிடப்பவன் போல இருந்துகொண்டு, என் சரக்கைப் பற்றிக் கவலைப்படுகிறான். ஆர்டர் புத்தகம் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

முறையை மிகவும் கவனமாக வகுத்தோம். ஒவ்வொரு கடையிலும் முதலில் என் கம்பெனி வேலையை முடித்து, ஆர்டர் எழுதி, வெளியே இறங்கிவிடுவேன். ஒரு வெற்றிலை போடும் நேரம் கழித்து மறுபடி ஏறி, இப்போது அன்வருக்காக வந்திருக்கிறேன் என்பேன். அவன் சரக்குக்கு வேண்டியதைக் கேட்டு ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்வேன். சாயங்காலம் அவன் வீட்டில் நான் படிக்கப் படிக்க, அவன் படுத்தபடியே தன் கையெழுத்தில் ஆர்டர் புத்தகத்தில் எழுதுவான். அன்றன்றைய ரிப்போர்ட்டையும் அவனே எழுதிக் கையெழுத்துப் போடுவான். காலையில் தபாலில் சேர்ப்பது பேட்டரியின் பொறுப்பு. கையெழுத்து, தேதி, ஊர் வரிசை எல்லாம் சரி. பொய்தான், நான் மறுக்கவில்லை.

முதல் திங்கட்கிழமை மொரப்பூரில் ராஜு செட்டியார் கடை. என் ஆர்டரை முடித்து இறங்கி மறுபடி ஏறியதும் அவர், "என்னங்க, எதையாவது மறந்துட்டீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தராசைக் கீழே வைத்தார். இரண்டு தேயிலையில் எது நல்லது என்று இப்போது சொல்லுங்கள், உண்மையைச் சொன்னால் ஆர்டர் தருகிறேன் என்றார். பாலில் போட்டால் என்னுடையது, வெல்லம் போட்டுக் குடித்தால் அன்வருடையது என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது உண்மை என்பதே எனக்குத் தெரிந்தது. செட்டியார் சிரித்துக்கொண்டே இருவருக்கும் ஆர்டர் கொடுத்தார்.

ஏழு வாரம் இப்படி ஓடியது. கர்வம் விடவில்லை; அடுத்தவன் லைன்தானே என்று அரைகுறையாகச் செய்ய எனக்குத் தெரியாது. அரூர்ச் சந்தைக்குச் சித்தேரி மலையிலிருந்து சாமையும் தேனும் கொண்டு இறங்குகிறவர்கள் வெல்லத் தேநீர்க்காரர்கள் என்பது நினைவுக்கு வந்தது. அன்வரின் சின்னப் பாக்கெட்டுகளைச் சணலில் கோத்துக் கடை வாசலிலேயே தொங்கவிட்டேன். பிய்த்துக்கொண்டு போயிற்று. நான் உயிரைக் கொடுத்து விற்ற தேயிலை என்னுடையது அல்ல என்பது சில சமயம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைக்கும்.

இங்கேதான் வரதராஜன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்வர் கம்பெனியின் சேலம் மேலாளர். எந்தக் கம்பெனி ஆளானாலும் அவர் பெயரைக் கேட்டால் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். ஒல்லியான மனிதர், முழுக்கை வெள்ளைச் சட்டை, கையில் ஒன்றும் இருக்காது. முன்னறிவிப்பில்லாமல் வருவார். வந்ததும் கடையில் ஏற மாட்டார். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள், கடைக்காரர் எந்தப் பக்கம் கையை நீட்டுகிறார் என்று கால்மணி நேரம் பார்ப்பார். பிறகு உள்ளே போய் ஊதுபத்தியோ தீப்பெட்டியோ வாங்குவார். அப்புறம் அலமாரி முன் நிற்பார். வெள்ளைக் கைக்குட்டையின் நுனியால் பாக்கெட்டின் மேல் ஒரு கோடு இழுப்பார். பின் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துப் பாக்கெட் போட்ட மாதத்தைப் பார்ப்பார். யாரையும் திட்டிக் கேட்டதில்லை. 'சரி' என்ற ஒரே வார்த்தைதான். அதை அவர் சொல்லும் விதத்தில் ஆளின் ரத்தம் சுண்டிவிடும்.

ஏழாவது வாரம், வெள்ளிக்கிழமை, பேட்டரி ஓடிவந்தார். வரதராஜன் சார் மொரப்பூருக்கு வந்தாராம். செட்டியார் கடை அலமாரி முன் நின்றவர் கைக்குட்டையைக்கூட எடுக்கவில்லையாம். இதை அடுக்கியது யார் என்று மட்டும் கேட்டிருக்கிறார். உங்கள் ஆள்தான் என்று செட்டியார் சாதித்திருக்கிறார். அங்கிருந்து அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று மூன்று ஊரிலும் இதே கேள்வி. கடைசியில், அன்வர் ஞாயிற்றுக்கிழமை எங்கே இருப்பான் என்று விசாரித்திருக்கிறார். ஒகேனக்கல்லில் சங்கத்தின் ஆண்டு விழாவில் இருப்பான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் அடித்தது போல விளங்கியது. அன்வர் கம்பெனியில் பாக்கெட்டுகளை நேர் நேராக, புத்தகம் போல நிறுத்துவார்கள். நானோ அவன் சரக்கையும் ஐந்து ஊரிலும் செங்கல் அடுக்காக அடுக்கி வைத்திருந்தேன். கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து மறைத்தவன், கைவேலையைக் கடைவீதி பூராவும் காட்சிக்கு வைத்துவிட்டேன். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆண்டு விழா எங்களுக்குத் தீபாவளி மாதிரி. வருஷம் பூராவும் ஒருவரை ஒருவர் முந்த ஓடுகிறவர்கள், அன்று ஒருநாள் குடும்பத்தோடு ஒரே பஸ்ஸில் ஒகேனக்கல் போவோம். எண்ணெய் தேய்த்து அருவியில் குளியல், பரிசல், வறுத்த மீன், பிறகு மரத்தடியில் போட்டி. ஒரு பிஸ்கட் டப்பாவில் சரக்குகளின் பெயரெழுதிய சீட்டுகள் இருக்கும். எடுத்தவன், சீட்டில் இருக்கும் அடுத்தவன் சரக்கை ஒரு கடைக்காரரிடம் விற்றுக் காட்ட வேண்டும். அந்த வருஷம் கடைக்காரராக உட்கார்ந்தவர் ராஜு செட்டியார். விழாவில் யார் பேச எழுந்தாலும் முதலில் சீட்டு எடுத்து விற்றாக வேண்டும் என்பது பழக்கம். தாசில்தார் வந்தால்கூட விலக்கில்லை.

அன்வர் எழுந்து நடமாடத் தொடங்கி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. எண்ணெயும் மீனும் கூடாது என்பதால் எல்லாரும் மீன் தின்ன, அவன் இட்லிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவி குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். மேலாளர் வரப்போகிறார் என்று அவனிடம் சொல்லிவிட்டோம். அவன் இட்லியைத் தொடவில்லை.

மத்தியான பஸ்ஸில் வரதராஜன் சார் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெறுங்கை. நேரே மரத்தடிக்கு வந்து, தான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். பேட்டரி பழனிச்சாமி மிகுந்த மரியாதையோடு டப்பாவை நீட்டினார்.

"எங்க வழக்கம்ங்க. சீட்டு எடுத்து வித்துட்டு, அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க."

அவர் தயங்கினார். நூறு கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. விற்கத் தெரியாமல் தயங்குகிறார் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று பயந்தாரோ என்னவோ, சட்டென்று கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். படித்தார். என் பக்கம் திரும்பிப் பார்த்தார். சீட்டில் இருந்தது என் கம்பெனித் தேயிலை.

செட்டியாருக்கு வணக்கம் சொல்லி எதிரில் உட்கார்ந்தார். தேயிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கடையில் என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டார். பக்கத்து டீக்கடைகளுக்குப் பால் எங்கிருந்து வருகிறது, எருமைப் பாலா, பசும்பாலா என்று கேட்டார். எருமைப் பால் என்றதும், "அப்ப உங்களுக்கு இந்தத் தூள்தான் சரிங்க. கெட்டிப் பால்ல மத்த தூள் நிறம் இறங்க ரொம்ப நேரம் கொதிக்கணும். இது கொதிச்சதும் பிடிச்சுக்கும். டீக்கடைக்காரருக்கு விறகு மிச்சம்" என்றார். நான் அத்தனை வருஷம் விற்ற தேயிலைக்கு இப்படி ஒரு குணம் உண்டென்று எனக்கே தெரியாது. வெட்கமாக இருந்தது.

செட்டியார், "ரெண்டு பெட்டி போடுங்க" என்றார். விளையாட்டுக்கல்ல, நிஜமாகவே. மரத்தடி அதிர்ந்தது. பெண்கள்கூடக் கை தட்டினார்கள். வரதராஜன் சார் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு வந்து, உடனே மறைந்தது. சீட்டைக் கையில் வைத்தபடியே எழுந்து நின்றார்.

"மொரப்பூர் அலமாரிய அடுக்குனது யாரு?"

எழுந்தேன். நான்தான் என்றேன். அன்வரும் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

"அண்ணன் மேல தப்பு இல்லீங்க சார். ரிப்போர்ட்டு பூரா நான் எழுதுனது. ஏழு வாரமா நான் வூட்ட விட்டு எறங்கலைங்க. வேலை போயிடும்னு பயந்து மறைச்சுட்டேன்."

"ஏழு வாரமா நான் படிச்சதெல்லாம் பொய்" என்றார் வரதராஜன் சார். குரல் உயரவில்லை.

செட்டியார் இருந்த இடத்திலிருந்தே பேசினார். "ரிப்போர்ட்டு பொய்யா இருக்கலாமுங்க. ஆர்டர் பொய்யில்ல. சரக்கு வந்துச்சு, வித்துச்சு. எங்கிட்ட உங்க தூள் இந்த அளவுக்கு எப்பவும் வித்ததில்ல."

வரதராஜன் சார் கையிலிருந்த சீட்டை விரித்து மறுபடி பார்த்தார். பிறகு அன்வரின் மனைவி மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார்.

"அன்வர், ரூல்படி உன்ன நான் நிறுத்தணும். போட்டிக் கம்பெனி சரக்க வித்தவன வேலைல வச்சிருக்கக் கூடாதுன்னும் ஒரு ரூல் இருக்கு. அதுப்படி என்னையும் இன்னிக்கே நிறுத்தணும், இத்தன பேர் சாட்சி." சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்குச் சேலம் வா. நடந்தத நடந்தபடி எழுதி எங்கிட்ட குடு. மேல நான் பாத்துக்கறேன். செவ்வாய்க்கெழம லைனுக்குப் போயிடு."

அன்வர் அழுதுவிட்டான். நானும்தான் அழுதேன், மறைப்பானேன். எங்கள் ஆட்கள் வரதராஜன் சாரை விடவில்லை. வெள்ளைச் சட்டையைக் கழற்ற வைத்து, எண்ணெய் தேய்த்து அருவியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். சேலம் மண்டலமே நடுங்கிய மனிதர் இடுப்பில் துண்டோடு நின்று மீன் வறுவல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த நேரத்தில் நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்து மிச்சச் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என் கம்பெனித் தேயிலையின் பெயர்தான் இருந்தது. பேட்டரியைப் பார்த்தேன். அவர் மும்முரமாக மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

வரதராஜன் சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்வர் உண்மையை எழுதிக் கொடுத்தான், அவன் கம்பெனி அவனைக் கண்டித்தது, அடுத்த மாதமே நிரந்தரமாக்கியது. என் மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். என் நல்ல சான்றிதழ்கள் எல்லாம் எங்கே போயினவோ, அந்த மெமோ மட்டும் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. சங்கத்துக்கு அந்த வருஷம் புது உறுப்பினர்கள் வந்து குவிந்தார்கள். அதுவரை சங்கம் என்றாலே முகம் சுளித்த கம்பெனிகள்கூட ஆண்டு விழாவுக்குப் பரிசு அனுப்ப ஆரம்பித்தன.

ஆண்டு விழா முடிந்து ஒரு வாரம் கழித்து வந்த திங்கட்கிழமை நான் வழக்கம்போல மொரப்பூர் போனேன். செட்டியார் கடையில் போணி ஆகிவிட்டதா என்று எதிரே நின்று பார்த்து, ஏறினேன். அலமாரியில் என் பாக்கெட்டுகள் ஒரு மூலையில் ஒண்டிக் கிடந்தன. மற்ற இடமெல்லாம் அன்வரின் தேயிலை.

"தம்பி மொத பஸ்லயே வந்துடுச்சுங்க. இந்த வாரம் உங்களுக்கு எடமில்ல" என்றார் செட்டியார்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. ஏழு வாரம் நான் வளர்த்துக் கொடுத்த கடை. படபடவென்று இறங்கி ஸ்டேஷன் வரை நடந்தேன். நடக்க நடக்க, அந்தப் பயல் விடியலில் எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து, என்னை முந்திக்கொண்டு ஓடியிருக்கிறான் என்பது மனதில் படிந்தது. எழுந்து உட்காரவே முடியாமல் கிடந்தவன். ஸ்டேஷன் வாசலில் நின்று தனியாகச் சிரித்தேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆர்டர் இல்லாமல் திரும்பியதற்காக நான் டீ வாங்கிக் குடித்துக் கொண்டாடியது என் முப்பது வருஷத்தில் அந்த ஒருநாள்தான். என்ன தூள் என்று கேட்டேன். அன்வர் கம்பெனித் தூள் என்றார் டீக்கடைக்காரர். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. இன்னொன்று போடச் சொன்னேன்.